அணைக்கரையில் ஒரு நாள்: நடையும் நீச்சலும் நலம் தர...

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் விடுமுறை நாள் என்றாலே வண்டிகள் மேற்கு நோக்கித் திரும்பும். மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் ஆறு, தேவதானம் அருகே சாஸ்தா கோவில், வத்திராயிருப்பு பக்கம் பிளவக்கல் அணையும் அதை ஒட்டிய பூங்காவும் என்று தண்ணீரும் நிழலும் சேர்ந்த இடங்கள் நமக்கு வாய்த்திருக்கின்றன. ஒரு குடும்பம் இங்கே கழிக்கும் ஒரு பகல் உடலுக்கும் மனதுக்கும் நல்ல மருந்து. தண்ணீரில் இறங்கும்போது மட்டும் சில கட்டுப்பாடுகள் வேண்டும்.

நடை: எல்லோருக்கும் பொதுவான மருந்து

நூற்பாலையில் எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்ப்பவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் நிற்பவர், கடைக் கல்லாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் என எல்லோருக்கும் உடல் ஒரே நிலையில் இறுகிப்போகிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும், பிள்ளைகளுக்குத் தினமும் 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் முக்கால் மணி நேரம், வெயில் தாழ்ந்த பிறகு முக்கால் மணி நேரம் என்று கரையோரம் நடந்தாலே வாரக் கணக்கில் 90 நிமிடம் வரவாகிவிடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

சர்க்கரை நோயாளிகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிழலில் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும். ஆனால் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. வெயிலில் காய்ந்த பாறையும் கருவேல முள்ளும் உணர்ச்சி குறைந்த பாதத்தைப் புண்ணாக்கினால், வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியவரும்.

நீச்சல்: பழகிய தண்ணீரில் மட்டும்

மூட்டுக்குச் சுமை கொடுக்காமல் நுரையீரலையும் இதயத்தையும் பலப்படுத்தும் பயிற்சி நீச்சல். நம் ஊரில் முன்பெல்லாம் பிள்ளையின் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்குவார்கள். பிறகு பிளாஸ்டிக் கேன் வந்தது. எதைக் கட்டினாலும், நீச்சல் தெரிந்த மாமாவோ சித்தப்பாவோ கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரிலேயே இருப்பார். அந்தக் காவல்தான் பிள்ளையைக் காப்பாற்றியது. ஆகவே நீச்சலைப் பயிற்சியாளர் உள்ள நீச்சல் குளத்தில் கற்றுக்கொடுங்கள். சுற்றுலாப் போன இடத்தில் முதல் பாடம் வேண்டாம்.

கண்மாயும் அணையும் ஏமாற்றும் தண்ணீர். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே போனால், கரம்பை மண் அள்ளிய பள்ளத்தில் அடுத்த எட்டு வைத்ததும் ஆள் மூழ்கிவிடுவார். மடைக்கு அருகே தண்ணீர் உள்ளிழுக்கும். மறுகால் பாயும் இடத்தில் பாசி வழுக்கும். தடைப் பலகை இருந்தால் கரையோடு நின்றுவிடுங்கள்.

மலை ஆறுகளின் ஆபத்து வேறு விதம். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே காட்டில் கொட்டும் மழை சில நிமிடங்களில் வெள்ளமாக இறங்கிவிடும். 2015 மே மாதம் வத்திராயிருப்பு பக்கம் உள்ள சதுரகிரி மலைக்கோவிலில் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது. அது கோடைக்காலம் என்பதை மறக்கக் கூடாது. தெளிந்த தண்ணீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், மேலே இரைச்சல் கேட்டாலும் துணிமணியை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மழை நாளில் வனத்துறை அனுமதி மறுத்தால் காவலரிடம் மன்றாட வேண்டாம்.

சத்தமில்லாமல் நடக்கும் விபத்து

மூழ்குபவர் கையை ஆட்டிக் கூச்சல் போடுவது சினிமாவில்தான். மூச்சுக்குத் தவிக்கும் வாயிலிருந்து குரல் வராது. பிள்ளை ஒரு நிமிடத்துக்குள் அமிழ்ந்துவிடும். 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். நான்கில் ஒருவர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை.

பத்துப் பேர் சேர்ந்து போனால், பிள்ளைகளை அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று பத்துப் பேருமே நினைத்துவிடுகிறோம். “இந்த அரை மணி நேரம் நான் பார்க்கிறேன் மதினி” என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பேற்கட்டும். அந்த நேரத்தில் அவர் கையில் செல்போன் வேண்டாம். மது குடித்தவரும், வலிப்பு நோய் உள்ளவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதய நோயாளிகள் அருவியின் குளிர்ந்த நீருக்குள் திடீரென்று தலையைக் கொடுக்க வேண்டாம்.

ஒருவர் மூழ்கினால்...

* மீட்புப் பயிற்சி இல்லாதவர் குதிக்க வேண்டாம். மூழ்குபவர் காப்பாற்ற வருபவரையும் சேர்த்து அமுக்கிவிடுவார். கயிறு, வேட்டி, சேலை, காலிக் கேன், நீளமான கம்பு எதையாவது கரையிலிருந்து கொடுங்கள்.
* வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தவறு. பொன்னான நேரம் போய்விடும். வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாய்க்குள் புகுந்துவிடும்.
* மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒருவர் 108ஐ அழைக்கட்டும்.
* மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சைச் செலுத்துங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம்.
* பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம்.

குளித்த பிறகு

காலில் வெட்டுக்காயம் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியே நுழையும். சூடேறித் தேங்கிய குட்டையில் மூக்கு வழியே ஏறும் அமீபா, அரிதாகவே தாக்கினாலும் மூளையைப் பாதித்து உயிரைக் குடிக்கும். குளித்த சில நாட்களில் காய்ச்சலோ கடும் தலைவலியோ வந்தால், எங்கே குளித்தோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குளிக்கும்போது காதில் தண்ணீர் புகுந்தாலும் எண்ணெய் விட வேண்டாம்.

கட்டுச்சோறும் குடிதண்ணீரும்

புளியோதரை புளிப்பும் எண்ணெயும் சேர்வதால் தாங்கும்; தேங்காய்ச் சட்னியும் முட்டையும் வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். திரும்பும் வழியில் பால்கோவா வாங்கினால் அன்றே அளவாகச் சாப்பிடுங்கள்.

இந்த மலையடிவாரம் 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டியது. சாம்பல் நிற அணில்களின் வீடு. குரங்குக்குத் தின்பண்டம் போடாமல், பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள். அடுத்த பயணத்துக்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள்: பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேருங்கள், வீட்டில் ஒருவராவது முதலுதவிப் பயிற்சி பெறுங்கள்.