பனிமலைக் கூடாரம்

நம் சாமல்பட்டியில் மார்கழிக் குளிருக்கு ஒரு கம்பளி போதும். இமயத்தில் முகாமிடுவோர்க்கு எப்பருவத்தையும் தாங்கும் கூடாரம் வேண்டும். அதன் இலக்கணத்தைச் சுருங்கக் கூறுகிறேன்.

முதலாவது வடிவு. கவிழ்த்த கிண்ணம் போன்ற உருவும், குறுக்கிட்டு நிற்கும் உலோகக் கழிகளும் இருப்பின் காற்று வழுக்கிச் செல்லும்; பனியும் சரிந்து விழும். இரண்டாவது மேலுறை. அது தரைவரை இறங்காவிடில் பனித்தூள் உள்ளே புகும். மூன்றாவது காற்றுவழி. அஃதின்றேல் நம் மூச்சின் ஈரம் சுவரில் உறைந்து, பின் உருகிப் படுக்கையை நனைக்கும். அடைத்த கூடாரத்தில் அடுப்பு மூட்டினாலோ, கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சுவாயு உறங்குவோரைக் கொல்லும்.

இவை அனைத்தினும் பெரிது இடத்தேர்வு. 2016 பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சினில் 19,600 அடி உயரக் காவற்சாவடியைப் பனிச்சரிவு மூடியது. மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதையுண்டனர். ஆறு நாள் கழித்து உயிருடன் மீட்கப்பட்ட ஒருவரும் 11ஆம் நாள் மறைந்தார். அப்பதின்மருள் ஒருவர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தவர்.

சரியும் மலையை எந்தக் கூடாரமும் தாங்காது. எல்லை காப்போர்க்கு இடத்தைக் கடமை வகுக்கிறது. நமக்கோ தேரும் உரிமை உண்டு. பனிச்சரிவின் கீழே ஒருபோதும் கூடாரம் அடியாதீர்கள்.