பழைய மடக்குக் கத்திக்குத் தோல் பிடி

கல்லாப்பெட்டி ஓரத்தில் ஒரு மடக்குக் கத்தி இல்லாத மளிகைக் கடையைக் காண்பது அரிது. மூட்டையின் வாய்த் தையலைப் பிரிக்க, சணலை அறுக்க, அட்டைப் பெட்டியின் பிளாஸ்டிக் பட்டையை வெட்ட என்று நாளொன்றுக்குப் பலமுறை கைக்கு வருவது அதுதான். பல கடைகளில் அது அப்பா காலத்துக் கத்தியாகவும் இருக்கும். அலகு நன்றாக இருக்கும். பிடி மட்டும் வெடித்து, ஒரு பக்கம் கழன்று, ரப்பர் பேண்ட் சுற்றிக் கிடக்கும்.

இந்த ரப்பர் பேண்ட் சுற்றிய கத்திதான் ஆபத்தானது. அழுத்தி இழுக்கும்போது பிடி வழுக்கினால் கை நேராக அலகின் மேல் போகும். பழைய கத்திகள் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டும் கிடையாது. முதுகிலுள்ள வில்லின் அழுத்தமே அலகை நிறுத்தி வைக்கிறது. ஆகவே, ஒன்று கத்தியை ஒதுக்க வேண்டும். அல்லது பிடியைச் சரி செய்ய வேண்டும். வெடித்த மேல்துண்டுகளுக்குப் பதிலாகத் தோலை ஒட்டுவது, கடை மூடிய பின் இரண்டு மூன்று மாலைகளில் முடிகிற வேலை.

முதலில் பார்க்க வேண்டியவை

அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அச்சாணி தளர்ந்து அலகு ஆடினாலோ, வில் சோர்ந்து அலகு தானாக மடங்கினாலோ தோல் ஒட்டுவதில் பயனில்லை. அதைப் பட்டறையில் கொடுத்து இறுக்க வேண்டும். இல்லையேல் புதுக் கத்தி வாங்குவதே லாபம்.

அடுத்தது, அந்தக் கத்தி எதை வெட்டுகிறது என்பது. வெல்லம், புளி, வெண்ணெய், பாலாடைக்கட்டி போன்ற உணவுப் பொருளைத் தொடும் கத்திக்குத் தோல் பிடி கூடவே கூடாது. தோல் ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சும். கழுவிச் சுத்தம் செய்ய முடியாது. உணவுப் பாதுகாப்பு உரிமம் தொடர்பான 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள், உணவைத் தொடும் கருவிகள் துருப்பிடிக்காதவையாகவும் எளிதில் சுத்தம் செய்யக் கூடியவையாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. சணலுக்கும் அட்டைக்கும் ஒரு கத்தி, உணவுக்குத் தனியாக ஒரு கத்தி என்று பிரித்து வைப்பதே முறை.

எந்தத் தோல்?

செருப்பின் மேற்புறத்துக்கும் கைப்பைக்கும் வரும் மெல்லிய தோல் பெரும்பாலும் குரோம் முறையில் பதனிட்டது. அது மிருதுவானது, பிடிக்கு ஒத்து வராது. நமக்கு வேண்டியது மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் சாற்றில் பதனிட்ட தோல். ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவது நம் மாநிலத்தின் பழைய தொழில்தான். ஏற்றுமதியில் 'ஈ.ஐ. தோல்' என்று பெயர் பெற்ற அந்தச் சரக்குக்கு 2008-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. வெட்டிய விளிம்பைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பல் ஓட்டம் தெரிந்தால் குரோம். முழுவதும் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்டைத் தோல் சட்டென்று கருக்கும். செருப்புத் தைப்பவரிடம் அடித்தோல் வெட்டிய துண்டுகள் இருக்கும். பழைய மேல்துண்டின் கனத்துக்கு ஏற்ற துண்டாகக் கேட்டு வாங்குங்கள். பொதுவாக இரண்டரை மில்லிமீட்டர் அளவு போதும்.

பழையதை எடுத்தல்

வேலை தொடங்குமுன் அலகை மடக்கி, அதன் மேல் ஒட்டு நாடாவைச் சுற்றிவிடுங்கள். அச்சாணியையும் வில்லின் ஆணியையும் தட்டி எடுக்க முயல வேண்டாம். வில் அழுத்தத்தில் இருப்பதால் தெறித்துவிடும்; பிறகு நம்மால் கோக்க முடியாது. ஆணிகளை அப்படியே விட்டு, அவற்றைச் சுற்றியுள்ள பழைய துண்டுகளை மட்டும் சிறு உளியால் பெயர்த்து எடுங்கள்.

எலும்பு அல்லது கொம்புப் பிடியைத் தேய்த்தால் எழும் தூசி நெஞ்சுக்கு ஆகாது, மூக்கை மூடிக்கொள்ளுங்கள். பளபளக்கும் பழைய பிளாஸ்டிக் பிடி செல்லுலாய்டாக இருக்கலாம். அது எளிதில் தீப்பற்றும். ஆகவே பீடி, விளக்கு, சூடான கம்பி எதையும் அருகில் கொண்டு போக வேண்டாம். செல்லுலாய்டு நாளடைவில் சிதைந்து அமில ஆவியை விடும் என்பதால் பக்கத்திலுள்ள இரும்பும் துருப்பிடிக்கும். அத்தகைய பிடியை மாற்றுவது கத்திக்கே நல்லது.

ஒட்டுதல்

உள்தகட்டின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். ஒரு காகிதத்தைத் தகட்டின் மேல் அழுத்தினால் ஆணிகள் இருக்கும் இடம் பதியும். அந்த அளவில், சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுத் தோலை வெட்டி, ஆணி வரும் இடங்களில் துளையிடுங்கள். வழுவழுப்பான பக்கம் வெளியே இருக்க வேண்டும்.

பசைக்கு அரால்டைட் போன்ற இரண்டு குழாய்ப் பசை ஏற்றது. தகட்டில் ஒரு இடம் விடாமல் மெல்லிதாகப் பூசுங்கள். இது முக்கியம். தோல் ஈரம் தாங்கும் பொருள். நேராக இரும்பைத் தொட்டால் துரு, பித்தளையைத் தொட்டால் பச்சைக் களிம்பு. நடுவிலுள்ள பசைப் படலம்தான் இரண்டுக்கும் தடுப்பு. அலகு நுழையும் பள்ளத்திலும் அச்சாணியிலும் மட்டும் பசை இறங்கக் கூடாது. மேலும் கீழும் அட்டை வைத்துக் கிளிப்பால் இறுக்கி, ஒரு நாள் முழுவதும் தொடாமல் விடுங்கள்.

மறுநாள் கூடுதல் தோலைக் கூரான பிளேடால் சீவி, விளிம்பை உப்புத்தாளால் சமன் செய்யுங்கள். விளிம்பைச் சிறிது நனைத்து வழவழப்பான மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்தால் இறுகிப் பளபளக்கும். கடைசியாகத் தேன்மெழுகு தேய்த்துத் துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். நாளானால் சிக்கு வாடை அடிக்கும்.

பராமரிப்பு

உப்பு மூட்டை, புளிப் பானை அருகில் கத்தியை வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோலில் பூஞ்சை பிடிக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாட வைத்து, மறுபடி மெழுகு தேயுங்கள். அச்சாணிக்கு மாதம் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் போதும். தோல் எங்காவது எழும்பினால் அன்றே ஒட்டிவிட வேண்டும். மீண்டும் ரப்பர் பேண்ட் சுற்றிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கக் கூடாது. மூட்டை பிரிப்பது பெரும்பாலும் கடைப் பையன். அவன் கைக்கும் நாமே பொறுப்பு.