பின்னால் வருபவருக்கு உங்கள் கார் தெரிகிறதா?

பொழுது சாய்ந்த பிறகும் முன்பக்கம் பகல்நேர எல்.இ.டி. விளக்கும் டேஷ்போர்டும் பளிச்சென்று எரிவதைப் பார்த்து, லைட் போட்டாகிவிட்டது என்றே பலர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பகல்நேர விளக்கு தானாக எரிவது. பல கார்களில் அது எரியும்போது டெயில் லைட் எரியாது. பின்னால் வரும் லாரிக்காரருக்கு முன்னே போகும் கார் இருளோடு இருளாகத்தான் தெரியும்.

எதற்காக பார்க்கிங் லைட்?

ஹெட்லைட் நாம் சாலையைப் பார்க்க. பார்க்கிங் லைட் மற்றவர்கள் நம்மைப் பார்க்க. சுவிட்சை ஒரு கட்டம் திருப்பினால் முன்னால் இரண்டு சிறு விளக்குகள், பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள், நம்பர் பிளேட் விளக்கு ஆகியவை எரியும். வண்டி சாலையில் நிற்கும்போதும் பார்க்கிங் லைட் எரிய வேண்டும் என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் வருபவர் அந்தத் தூரத்தை 7 விநாடியில் கடந்துவிடுவார். சுதாரிக்க அவருக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

நெடுஞ்சாலையில் வண்டி பழுதாகி நின்றால் பார்க்கிங் லைட்டோடு நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, பின்னால் சிவப்பு முக்கோணத்தை வையுங்கள். இருட்டிலும் பனிமூட்டத்திலும் பார்க்கிங் லைட்டை மட்டும் நம்பி ஓட்டக் கூடாது. ஹெட்லைட்டை லோ பீமில் போடுங்கள்.

வீட்டு வளாகத்துக்குள் நிறுத்தும்போது மறக்காமல் அணைத்துவிடுங்கள். 5 வாட் பல்புகள் ஐந்தாறு சேர்ந்தால் இரண்டு ஆம்பியருக்கு மேல் பேட்டரியைக் குடிக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி கொண்ட சிறிய கார், விளக்கு விடிய விடிய எரிந்தால் காலையில் ஸ்டார்ட் ஆவது சந்தேகமே.

பல்பை நீங்களே மாற்றலாம்

எந்த பல்பு என்பது காரின் கையேட்டில் இருக்கும். முன்பக்க பார்க்கிங் லைட்டுக்குப் பெரும்பாலும் டி10 எனப்படும் 5 வாட் பல்பு. பின்னால் பல கார்களில் டபுள் காண்டாக்ட் பல்பு: ஒரே கண்ணாடிக்குள் டெயில் லைட்டுக்கு 5 வாட் இழை, பிரேக்குக்கு 21 வாட் இழை.

இன்ஜினையும் லைட்டையும் அணைத்து, பல்பு ஆறும்வரை பொறுங்கள். முன்பக்கத்துக்கு பானட்டையும், பின்பக்கத்துக்கு டிக்கியையும் திறக்க வேண்டும். சில கார்களில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி டெயில் லைட்டையே வெளியே இழுக்க வேண்டியிருக்கும். ஹோல்டரை இடப்பக்கம் திருகினால் கையோடு வரும். டி10 பல்பை நேராக இழுத்தால் போதும். டபுள் காண்டாக்ட் பல்பை அழுத்தித் திருப்ப வேண்டும். அதன் இரு பக்க முளைகளும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் ஒரே பக்கமாகத்தான் பொருந்தும். பொருந்தாவிட்டால் முரட்டுத்தனம் காட்டாதீர்கள். ஹெட்லைட்டின் ஹாலஜன் பல்பைக் கண்ணாடியில் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும்.

புது பல்பும் எரியவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள்; ஹோல்டரில் பச்சையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் மினுக்கினால் எர்த் சரியில்லை என்று பொருள், எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக டிக் டிக் என்றால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும்.

கூடுதல் வாட் பல்பு போட்டால் ஹோல்டர் சூட்டில் உருகக்கூடும். எல்.இ.டி. விளக்கு மொத்த யூனிட்டாக வரும் கார்களில் பெரும்பாலும் யூனிட்டையே மாற்ற வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் காரின் பின்பக்கம் தெரியாது. ஆகவே வாரம் ஒருமுறை, இருட்டிய பிறகு, லைட்டைப் போட்டுவிட்டு இறங்கி வண்டியைச் சுற்றி வாருங்கள். பிரேக்கை மிதிக்கச் சொல்லி வீட்டில் யாரையாவது உட்கார வையுங்கள். ஒரு பார்க்கிங் பல்பின் விலை மிகச் சொற்பம். அது எரியாமல் போவதற்குக் கொடுக்க நேரும் விலையை யாராலும் கணக்கிட முடியாது.