பைபர் கூட்டு வண்டியில் ஜன்னல் ஒழுகுகிறதா?

புரட்டாசி, ஐப்பசியில் விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் கரிசல் காடுகளில் உளுந்தும் பாசியும் விதைக்கும் சமயத்தில்தான் விதை மூட்டையும் யூரியா மூட்டையும் வண்டியேறுகின்றன. மழையும் அப்போதுதான் வருகிறது. பின்புறம் பைபர் கூடு போட்ட சிறிய லாரி வைத்திருப்பவர்கள், சரக்கு நனையாது என்ற தைரியத்தில் தார்ப்பாய் எடுத்துச் செல்வதில்லை. கூட்டின் ஜன்னல் கண்ணாடி ஒரு முறை உடைந்து மாற்றப்பட்டிருந்தால் அந்தத் தைரியம் கூடாது. கொஞ்சம் நீர் இறங்கினாலும் யூரியா கட்டி தட்டிவிடும். மிளகாய் வற்றலில் பூஞ்சணம் பிடிக்கும். கருப்பட்டி இளகிவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அந்த மாதிரி மழையை எந்தக் கூடும் தாங்காது என்பது வேறு விஷயம். சாதாரண மழைக்கே ஒழுகும் ஜன்னல்களைப் பற்றித்தான் இங்கே கூறப்படுகிறது.

ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, கண்ணாடி உட்காரும் விளிம்புதான். பைபர் கூடு அச்சின் மேல் கையால் படிய வைத்துச் செய்யப்படுவது. வெளிப்புறம் வழவழப்பாகவும் உட்புறம் சொரசொரப்பாகவும் இருக்கும். ஒரே ஜன்னலில் ஓரிடத்தில் 3 மில்லிமீட்டர், இன்னோரிடத்தில் 5 மில்லிமீட்டர் கனம் இருக்கலாம். கடையில் கிடைக்கும் ரப்பர் பீடிங்கோ ஒரே சீரான கனமுள்ள தகட்டுக்காகச் செய்யப்பட்டது. கனத்த இடத்தில் பிதுங்கும், மெல்லிய இடத்தில் பிடிப்பின்றி நிற்கும். அங்கே எத்தனை டியூப் சிலிகான் விட்டாலும் வண்டி குலுங்கக் குலுங்கப் பிரிந்துவிடும்.

எனவே விளிம்பைச் சீர் செய்வதே முதல் வேலை. பழைய ரப்பரையும் பசையையும் சுரண்டி எடுத்து, தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அறுத்த விளிம்பில் இழைகள் பிரிந்திருந்தால் நீர் உள்ளே ஊறியிருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே கை வைக்க வேண்டும். 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய இடங்களில் இழை மேட் வைத்து ரெசின் பூசிக் கனத்தைச் சமன் செய்யலாம். மூலைகளை வளைவாக்குவது நலம். சதுர மூலையில்தான் விரிசல் கிளம்புகிறது.

கடலோர ஊர்களில் பைபர் படகு பழுது பார்ப்பவர்களுக்கு இது கைவந்த வேலை. முன்பு மரத்தோணிகளின் பலகை இடுக்கில் பஞ்சு திணித்து, குங்கிலியம் பூசிக் கலப்பற்று செய்த கரை இது. சொந்தமாகச் செய்ய விரும்புவோர் ஒன்றை மறக்கக் கூடாது: ஹார்டனரையும் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடித்துத் தீப்பற்றும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் கலந்துவிட்டு, பிறகே ஹார்டனர் சேர்க்க வேண்டும். கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி ஹார்டனர் போதும். வெயில் கடுமையானால் குறைவாக விடலாம். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம்.

விளிம்பு தயாரான பின்னரே செய்தித்தாளை வைத்து அளவு வெட்டிக் கண்ணாடிக்குச் சொல்ல வேண்டும். டஃபன் கண்ணாடியைப் பிறகு அறுக்க முடியாது. வீட்டு ஜன்னல் கண்ணாடி வேண்டாம், உடைந்தால் கத்தியாகும். பீடிங்கை ஒரு விரலளவு நீளமாகவே வெட்ட வேண்டும், வெயிலில் அது சுருங்கும். அதன் இணைப்பு மூலையில் வரக்கூடாது.

கண்ணாடியைச் சுற்றிப் பீடிங்கை மாட்டி, கூட்டைப் பிடிக்கும் பள்ளத்தில் மெல்லிய நைலான் கயிற்றை விட்டுச் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து அமுக்க, மற்றொருவர் உள்ளிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டே வந்தால் ரப்பர் உதடு விளிம்பைக் கவ்விக்கொள்ளும். ஈரம் உலர்ந்த பின் உதட்டுக்கடியில் பசை விடலாம். காடி வாசனை வீசும் சிலிகான் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். வாசனையில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஸ்குரூ தேவைப்பட்டால் எவர்சில்வர்தான். உப்புக் காற்றில் இரும்பு ஸ்குரூ நிற்காது.

ஒரு நாள் காய விட்டு நீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. கீழ் விளிம்பில் தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சுடன் இருந்து, நீர் வரும் இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டால், காய்ந்த பின் அவ்விடத்தில் மட்டும் ரப்பரைத் தூக்கி மறுபடி பசை விடலாம்.