தொடாமல் விட்ட இடம்

சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களில் ஊடை இழையைச் சுமந்து ஓடும் மரநாடாவை யாரும் நின்று ரசிப்பதில்லை. இருமுனையிலும் இரும்புக் கூம்பு, நடுவே தார்க்குச்சி உட்காரும் பள்ளம், ஓடி ஓடி வழுவழுத்துப்போன மரம். அதை ஒருவர் நீர்வண்ணத்தில் தத்ரூபமாகத் தீட்டிக் காட்டினால், "அப்படியே போட்டோ மாதிரி இருக்கே!" என்போம். மனதாரச் சொல்லும் பாராட்டுதான். ஆனால் ஓவியரின் திறமையில் பாதி அதில் விடுபட்டுப் போகிறது. என்னைக் கேட்டால், இத்தகைய ஓவியத்தில் முதலில் பார்க்க வேண்டியது தூரிகை படாத இடங்களை.

காரணம் அந்த வண்ணத்தின் இயல்பில் இருக்கிறது. நுணுக்கி அரைத்த நிறமியை வேலமரப் பிசினில் குழைத்தால் நீர்வண்ணம். தண்ணீரில் கரைத்துப் பூசும்போது அது மெல்லிய படலமாகப் படிகிறது. வெளிச்சம் அதனூடே இறங்கி, வெள்ளைத் தாளில் பட்டு, மறுபடி நிறத்தின் வழியே கண்ணுக்கு வருகிறது. ஆக, ஒளி தருவது தாள்தான். 2021-இல் மறைந்த ஓவியர் இளையராஜா கிராமத்து வீடுகளுக்குள் விழும் வெயிலை எண்ணெய் வண்ணத்தில் கொண்டுவந்தார்; அந்த ஊடகத்தில் இருட்டின்மேலேயே வெளிர்நிறத்தை ஏற்றலாம். நீர்வண்ணக்காரருக்கு அந்த வசதி கிடையாது. நாடாவின் இரும்பு முனையில் மின்னும் கடுகளவு ஒளிக்கு, முதல் பூச்சுக்கு முன்பே இடம் ஒதுக்கியாக வேண்டும். மரத்தின் பழுப்போ வெளிர்மஞ்சளில் தொடங்கி, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்ததாக மெல்ல மெல்ல அடர்கிறது.

பிறகு வெள்ளை பூசிக்கொள்ளலாமே, ஈரத்தூரிகையால் நிறத்தை ஒற்றி எடுக்கலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1503-இல் ஒரு பிடி புல்தரையைத் தீட்டியபோது வெள்ளைப் பூச்சையும் பயன்படுத்தினார். ஆனால் அப்படிப் பூசிய வெள்ளை, நிறத்தின்மேல் படிந்து நிற்கும். தாளின் வெள்ளைபோல உள்ளிருந்து ஒளிராது. சாதாரணப் பொருளுக்கு இத்தனை பாடு எதற்கு என்பவர்களுக்கும் அந்தப் புல்தரையே பதில். அதிலுள்ள செடிகளைத் தாவரவியலாளர்கள் இன்றும் இனம் பிரித்துச் சொல்கிறார்கள். கேமராவாலும் இத்தகைய நுணுக்கத்தைப் பதிவுசெய்ய முடியும். ஓவியரோ நாடாவின் தேய்ந்த விளிம்பைக் கூர்மையாக நிறுத்தி, நிழலை ஈரத்தாளில் கசியவிட்டு, எதை முதலில் பார்க்க வேண்டுமென்று தீர்மானிக்கிறார். அருகில் போய்ப் பார்த்தால் அந்தத் தீர்மானம் தெரியும்: விளிம்பு வெட்டினாற்போல் நின்றால் தாள் காய்ந்திருந்தது, கரைந்திருந்தால் ஈரமாக இருந்தது.