சுழலும் ஆடியும் நேர்கோடும்

லேசர் அச்சுப்பொறியில் எழுத்தையும் படத்தையும் வரைவது ஓர் ஒளிக்கற்றைதான் என்றாலும், அந்தக் கற்றையைத் தாளின் அகலம் முழுவதும் இடைவிடாது ஓடச் செய்வது, பக்கவாட்டு முகங்கள் கண்ணாடிபோல் மெருகிடப்பட்டு, மோட்டாரின் அச்சில் சுழலும் ஒரு சிறிய அலுமினியப் பட்டகமாகும். பல்முக ஆடி எனப்படும் இதன் ஒவ்வொரு முகமும் கற்றையைக் கடந்து செல்கையில், ஒளி பட்ட இடத்தில் மின்னேற்றத்தை இழக்கும் ஒளிகடத்தி உருளையின் மீது ஒளிப்புள்ளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி ஒரு கோட்டை வரைகிறது. உருளை ஒரு கோட்டளவு திரும்புவதற்குள் அடுத்த முகம் அடுத்த கோட்டைத் தொடங்கிவிடுகிறது. ஜெராக்ஸ் நிறுவனப் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதர், 1971-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் ஒரு நகலெடுப்புப் பொறியை மாற்றியமைத்து உருவாக்கிய லேசர் அச்சுப்பொறி இந்த முறையில்தான் இயங்கியது. 1977-இல் விற்பனைக்கு வந்த ஜெராக்ஸ் 9700 நிமிடத்துக்கு 120 பக்கங்கள் வரை அச்சிட்டது.

ஆடி ஒரு பாகை திரும்பினால் அதில் பட்டுத் திரும்பும் கற்றை இரண்டு பாகை திரும்பும் என்பது எதிரொளிப்பின் அடிப்படை. ஆகவே ஆறு முகங்கள் கொண்ட ஆடியில் ஒவ்வொரு முகமும் கற்றையை 120 பாகை வீச்சுக்குத் திருப்புகிறது. ஒரு முகம் முடிந்து அடுத்தது தொடங்கும் நேரத்தைக் கழித்தால், அச்சுக்குப் பயன்படுவது இதில் ஏறத்தாழ 70 விழுக்காடு என்று கொள்ளலாம். உருளையின் பரப்பு நொடிக்கு 300 மி.மீ. வேகத்தில் நகர, அங்குலத்துக்கு 600 கோடுகள் வேண்டுமானால், நொடிக்கு ஏறத்தாழ 7,090 கோடுகள் வரையப்பட வேண்டும். இதை ஒற்றைக் கற்றையால் செய்ய முனைந்தால் ஆடி நிமிடத்துக்கு 70,000 முறைக்கு மேல் சுழல நேரும். ஆனால் வேகம் இரு மடங்கானால் காற்றின் தடையைச் சமாளிக்கத் தேவைப்படும் மின்திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. மையவிலக்கு விசையோ முகங்களின் தட்டையான பரப்பையே வளைக்கத் தொடங்குகிறது. எனவே நான்கு கற்றைகளை ஒருசேர ஒரே முகத்தில் பாய்ச்சி, வேகத்தை நிமிடத்துக்கு 17,700 சுற்றுகள் அளவுக்கு இறக்குவது நல்ல தீர்வாகிறது.

வேகத்தைக் குறைத்த பின்னும் பிழைகள் இருந்தே தீரும். அவற்றுள் எதை ஒளியியல் ஏற்பது, எதை மின்னணுவியல் ஏற்பது, எதை இயந்திரப் பகுதி ஏற்பது என்று பங்கிடுவதில்தான் வடிவமைப்பாளரின் திறமை அடங்கியிருக்கிறது.

முதற்பிழை முகங்களின் சாய்வு. ஒரு முகம் சுழலச்சுக்கு இணையாக இல்லாமல் ஒரு விகலை, அதாவது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு, சாய்ந்திருந்தால், 200 மி.மீ. குவியத் தொலைவுள்ள அமைப்பில் அது வரையும் கோடு ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் விலகும். சாய்வு பத்து விகலையானால் விலகல் 19 மைக்ரோமீட்டரைத் தொடும். கோடுகளுக்கு இடையிலான தொலைவே 42 மைக்ரோமீட்டர் என்பதால் இந்த விலகலை அனுமதிக்க இயலாது. ஆறு முகங்களையும் ஓரிரு விகலைக்குள் கடைந்தெடுக்க முடியும், ஆனால் அதன் விலையைப் பொறி தாங்காது. ஸ்டார்க்வெதர் கண்ட வழி உருளை வடிவ லென்ஸ்: ஆடிக்கு முன்னுள்ள அத்தகைய லென்ஸ் கற்றையை முகத்தின் மீது ஒரு மெல்லிய கோடாகக் குவிக்க, பின்னுள்ள லென்ஸ் அந்தக் கோட்டை உருளையின் மீது மீண்டும் குவிக்கிறது. முகத்தின் ஓர் இடத்திலிருந்து புறப்படும் ஒளி, எந்தச் சாய்வில் புறப்பட்டாலும் ஒரே இடத்தில் சென்று சேர்வதால், சாய்வின் விளைவு பெருமளவு மறைந்துவிடுகிறது.

இரண்டாவது, நேரப்பிழை. மேற்சொன்ன அமைப்பில் ஒளிப்புள்ளி நொடிக்கு 740 மீட்டர் வேகத்தில், அதாவது ஒலியைப் போல் இரு மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் ஓடுகிறது. ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 57 நானோ நொடிதான். சாதாரண லென்ஸில் இந்த வேகம் ஓரங்களில் கூடிவிடும் என்பதால், கோணத்துக்கு நேர்விகிதத்தில் புள்ளி நகரும்படி வடிவமைக்கப்பட்ட எஃப்-தீட்டா லென்ஸ் பயன்படுத்தப்படுகிறது. ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்துக்கும் சற்று முன்னால் உள்ள ஒளியுணரி, கற்றை தன்னைக் கடந்த கணத்திலிருந்து கடிகாரத்தைப் புதிதாகத் தொடங்கி வைப்பதால், முகங்களுக்கு இடையிலான கோண வேறுபாடு கோட்டின் தொடக்கத்தைப் பாதிப்பதில்லை. ஆயினும் கோடு ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டாரின் வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறினாலும், 300 மி.மீ. நீளக் கோட்டின் இறுதிப்புள்ளி 30 மைக்ரோமீட்டர் தள்ளிப்போய்விடும். எனவே படிகக் கடிகாரத் துடிப்போடு மோட்டாரின் சுழற்சியை ஒப்பிட்டுத் திருத்தும் சுற்று இன்றியமையாததாகிறது.

எஞ்சியவை இயந்திரப் பகுதியின் பொறுப்பு. பந்துத் தாங்கியில், அதாவது பால் பேரிங்கில், பந்துகளைப் பிடித்திருக்கும் கூண்டு அச்சின் வேகத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டு வேகத்திலேயே சுற்றுவதால், அதனால் எழும் அதிர்வு சுற்றுக்குச் சுற்று மாறுகிறது. சுற்றுதோறும் ஒரே மாதிரி வரும் பிழையை அளந்து முன்கூட்டியே ஈடுசெய்யலாம், மாறிக்கொண்டே இருக்கும் பிழையை அவ்வாறு ஈடுசெய்ய முடியாது. அச்சையும் உறையையும் மெல்லிய காற்றுப் படலத்தால் பிரித்துவைக்கும் காற்றுத் தாங்கியை உயர்வேகப் பொறிகளில் விரும்புவதற்கு, தேய்மானம் குறைவு என்பதோடு இதுவும் காரணமாகும்.

இவ்வளவுக்கும் இறுதி நடுவர் மனிதக் கண். படிக்கும் தொலைவில், ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளியில் மீண்டும் மீண்டும் வரும் வேறுபாட்டைக் கண் மிகக் கூர்மையாக உணர்கிறது. ஒற்றைக் கற்றையும் ஆறு முகங்களும் இருந்தால், முகச்சாய்வின் பிழை ஆறு கோடுகளுக்கு ஒருமுறை, அதாவது 0.25 மி.மீ.க்கு ஒருமுறை மீள்வதால் எளிதில் புலப்படாது. நான்கு கற்றைகளுக்கு மாறியதும் அதே பிழை 24 கோடுகளுக்கு ஒருமுறை, அதாவது 1.02 மி.மீ.க்கு ஒருமுறை மீள்கிறது. முன்பு தெரியாதிருந்த சாய்வு இப்போது சீரான சாம்பல் பரப்பில் மங்கலான வரிகளாகத் தலைகாட்டும். வேகச் சிக்கலைத் தீர்த்த மாற்றமே சாய்வுக்கான வரம்பை இறுக்க வேண்டிய கட்டாயத்தைக் கொண்டுவருகிறது.

அச்சுத்தகடு தயாரிக்கும் பொறிகளில் ஒரு வகை இந்தச் சிக்கலை வேரிலேயே தவிர்க்கிறது: தகட்டை ஓர் உருளையின் உட்சுவரில் படியவைத்து, 45 பாகை சாய்ந்த ஒற்றை முக ஆடியை உருளையின் நடு அச்சில் சுழலவிட்டபடியே நகர்த்தும்போது, எல்லாக் கோடுகளையும் ஒரே முகம் வரைவதால் முகத்துக்கு முகம் வேறுபாடு என்ற பேச்சே எழுவதில்லை, ஆனால் சுற்றுக்கு ஒரு வீச்சே கிடைப்பதால் மிக உயர்ந்த சுழற்சி வேகத்தை அது விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே முகங்கள் எத்தனை, கற்றைகள் எத்தனை, தாங்கி எவ்வகை என்று முடிவு செய்வதற்கு முன், ஒவ்வொரு பிழையும் தாளின் மீது எத்தனை மில்லிமீட்டருக்கு ஒருமுறை மீளும் என்று கணக்கிட்டுப் பார்ப்பதே இத்துறையில் முதலாவதும் முதன்மையானதுமான பணியாகும்.