உறங்கியும் உறங்காதவர்கள்

வேலூரையும் ஆம்பூரையும் சுற்றியுள்ள தோல் பிரதேசத்தில், விடிந்தும் விடியாத வேளையில் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் ஷூ கம்பெனி பஸ்களைப் பார்த்தவர்கள், ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணயர்ந்திருக்கும் முகங்களையும் பார்த்திருப்பார்கள். இருட்டோடு எழுந்து உலை வைத்து, வீட்டுக்கும் கம்பெனிக்குமாக உழைத்துவிட்டு, ஊர் அடங்கிய பிறகு பாயை விரிக்கிறவர்களுக்குத் தூக்கம் போதாமற் போவதில் வியப்பில்லை. ஆனால் இரவு முழுவதும் அடித்துப் போட்டாற்போல் உறங்கிவிட்டு வந்தும், தோலைச் சீவும் இயந்திரத்தின் முன்னே நின்றபடியே கண் சொக்குகிற ஒருவர் இருந்தால், காரணத்தை விசாரிக்கும் பொறுமை நமக்கு இருப்பதில்லை. சோம்பேறி, கும்பகர்ணன் என்ற பட்டங்கள் தயாராக இருக்கின்றன. இந்தத் தீர்ப்பு பல சமயங்களில் அநியாயமானது என்று சாட்சி சொல்லக்கூடியது, உறங்கும் மூளையின் மின்னலைப் பதிவு.

மனித மூளையின் மின்னோட்டத்தை மண்டையோட்டின் மேலிருந்தே பதிவு செய்யலாம் என்று 1924-ல் கண்டவர் ஜெர்மனியில் யேனா நகரத்து மனோவைத்தியர் ஹான்ஸ் பெர்கர். சந்தேகப் பிராணியான அவர் ஐந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு, 1929-ல்தான் அதை உலகுக்கு வெளியிட்டார். அந்த வித்தை நம் நாட்டில் வேரூன்றிய இடங்களுள் வேலூர் முதன்மையானது. மான்ட்ரியாலில் மூளை அறுவை நிபுணர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-ல் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். வலிப்பு நோய்க்கு மூளையில் எந்த இடம் காரணம் என்று தேடுகிறவர்களுக்கு அலைப் பதிவு இன்றியமையாதது. ஆகவே இந்தக் கலை இங்கே வலிப்பின் வழியாக வந்து, பின்னால் நித்திரைக்கும் பயன்பட்டது.

விழித்திருந்து கண்ணை மட்டும் மூடியிருப்பவரின் மூளையில் விநாடிக்கு எட்டு முதல் பதின்மூன்று வரையிலான ஆல்ஃபா அலைகள் எழுகின்றன. உறக்கம் கவிய அவை தேய்ந்து, விநாடிக்கு நான்கு முதல் ஏழு வரை எழும் மெதுவான அலைகள் தோன்றுகின்றன. அவற்றின்மேல், கதிர்போல் நடுவில் பருத்து இருமுனையிலும் மெலிந்த சிறு அலைக்கொத்துகள் தலைகாட்டும். கடைசியில் விநாடிக்கு ஒன்றோ இரண்டோ என்று நெடிதாக எழுந்து விழும் டெல்டா அலைகளில் மூளை ஆழ்ந்துவிடும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கொரு முறை இந்த ஆழத்திலிருந்து மேலெழுந்து, மூடிய இமைக்குள் விழிகள் துடிக்கக் கனவு காணும் நிலை வருகிறது. சிகாகோவில் ஆராய்ச்சியாளர்கள் அஸரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-ல் அறிவித்த இந்தக் கனவு நிலையில், அலைகள் விழித்திருப்பவருடையவை போலவே இருப்பது பெரிய விசித்திரம்.

இந்த அலைகளை இரவு முழுவதும் பதிவு செய்யும் பரிசோதனைக்கு வருகிறவரின் தலையை நாடாவால் அளந்து, புள்ளி குறித்து, அந்த இடத்தைச் சொரசொரப்பான பசையால் தேய்த்துச் சுத்தம் செய்து, கம்பிகளை ஒட்டுவார்கள். கண்ணோரத்திலும் மோவாயிலும் கெண்டைக்காலிலும் கம்பிகள். மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள். மூக்கருகே சுவாசத்தை அளக்கும் குழாய். விரலில் பிராணவாயுவை அளக்கும் கவ்வி. இத்தனையையும் சுமந்துகொண்டு எவன் தூங்குவான் என்று கேட்கத் தோன்றும், பெரும்பாலோர் தூங்கிவிடுகிறார்கள். பதிவை அரை நிமிஷத்துக்கு ஒரு பக்கமாகப் படிப்பது வழக்கம். ஆகவே எட்டு மணி நேரத்து இரவு 960 பக்கங்களாக விரிகிறது.

அந்தப் பக்கங்களில் மிகத் துயரமான கதை குறட்டைக்காரருடையது. "அவருக்கென்னங்க, படுத்தா போதும், குறட்டை மூணு வீட்டுக்குக் கேக்கும்" என்று மனைவி சொல்லும்போது அதில் சிறிது பொறாமைகூட இருக்கும். உள்ளே நடப்பதோ வேறு. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழி அடைபட, மார்பும் வயிறும் காற்றுக்காகப் போராடுகின்றன, பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் ஒரு நிமிஷம்கூடக் காற்று நுழைவதில்லை, இரத்தத்தில் பிராணவாயு இறங்குகிறது, அபாயத்தை உணர்ந்த மூளை, டெல்டாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அலைகளை உதறிவிட்டுச் சில விநாடி விழிப்பின் வேக அலைகளுக்குத் தாவ, ஒரு பெரிய செருமலோடு மூச்சு திரும்புகிறது, மறுபடியும் உறக்கம். கிணற்றுப் படியில் இறங்குகிறவனை இரண்டு படிக்கொரு தடவை மேலே அழைத்தால் அவன் தண்ணீரை எப்போது தொடுவான்? மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் சுவாசம் தடைப்பட்டால் அது கவனிக்க வேண்டியது. முப்பதைத் தாண்டினால் கடுமையான வியாதி. அப்படிப்பட்டவருக்கு ஏழு மணி நேர உறக்கத்தில் இருநூறு தடவைக்கு மேல் தடங்கல். விடிந்ததும் அவருக்கு அதில் ஒன்றும் நினைவிருப்பதில்லை என்பதுதான் கொடுமை.

இதற்கு நேர் எதிரானவர்களும் உண்டு. 'ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை' என்று முறையிடும் சிலரின் பதிவில் பல மணி நேர உறக்கம் காணப்படும். பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டுவதற்குமுன் கூர்ந்து பார்த்தால், உறக்க அலைகளுக்கு ஊடே விழிப்புக்குரிய வேக அலைகளும் கலந்திருப்பதைப் பலரிடம் காணலாம். சரீரம் படுத்துவிட்டது, காவல் ஓயவில்லை. விழித்தவாக்கில் திடீரென்று உறக்கத்துக்குள் நழுவி, ஒன்றரை மணி காத்திராமல் சில நிமிஷங்களிலேயே கனவு நிலையை எட்டிவிடும் நார்கோலெப்ஸி என்ற அரிய நோயையும் பதிவே பிரித்துக் காட்டுகிறது.

சுவாசத் தடை, தோல் தொழிலால் விளையும் வியாதியன்று; பருத்த கழுத்து, உடற்பருமன், உள்வாங்கிய தாடை, வீங்கிய டான்சில் ஆகியவை எந்த ஊரிலும் உள்ளவைதாம். ஆனால் சாயங்காலம் உடம்பு அலுப்புக்கென்று அருந்தும் மது அதை வளர்க்கிறது: அது தொண்டையை மேலும் தளர்த்தி, மூச்சின் இடைநிறுத்தத்தை நீட்டுகிறது. தூக்க மாத்திரைகள் சிலவும் அப்படியே. சுய வைத்தியம் இங்கே விபரீதம்.

பரிகாரம் உண்டு. எடை குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல் என்று தொடங்கி, தேவையானவர்களுக்கு மூக்கில் பொருத்திய முகமூடி வழியே அழுத்தமான காற்றைச் செலுத்தி மூச்சு வழியைத் திறந்து வைக்கும் கருவி வரை வழிகள் இருக்கின்றன. அந்தக் கருவியை 1981-ல் உலகுக்குக் கூறியவர் ஆஸ்திரேலிய வைத்தியர் காலின் சல்லிவன். அதைப் பொருத்திய முதல் இரவிலேயே டெல்டா அலைகளும் கனவு நிலையும், நெடுநாள் பாக்கியை வசூலிப்பதைப் போல், மிகுந்து வருவதைப் பதிவுகளில் காண்கிறோம்.

வீட்டில் குறட்டை விடுகிறவர் இருந்தால், ஓரிரவு விழித்திருந்து, குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறதா என்று கவனியுங்கள். நின்றால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். இயந்திரத்தின் முன் கண்ணயரும் தொழிலாளிக்கு மெமோ எழுதும் மேற்பார்வையாளர்களும், அவர் இரவில் எப்படி உறங்குகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். ஓடும் கத்திக்கு முன்னே உறங்குகிறவருக்கு மெமோவினால் விழிப்பு வரப்போவதில்லை.